சிலேட்டில் எழுதாத மூன்றாம் நாள்

அக்கா,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். செத்துப்போனவரிடம் இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து பினாயில் வாசனை போகவில்லை. சாப்பிடும்போது அம்மா மூக்கைச் சுளித்தாள். பள்ளிக்கூடம் கழுவினார்கள் என்று சொல்லிவிட்டேன். தையல் வகுப்பு என்று பொய் சொல்லி, பள்ளிக்கூடம் விட்டபின் ஆரம்பாக்கம் திரும்பும் சாயங்கால பாசஞ்சர் வரும்வரை கும்மிடிப்பூண்டியில் உங்கள் நாய் பூனைக் கொட்டகையில் இருக்கிறேன் என்று நைனாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு அதோடு சரி. "நாய் கடிச்சா தொப்புள சுத்தி பதினாலு ஊசி. அப்பறம் உன்ன எவன் கட்டிக்குவான்?" என்பார்.

களைப்பாக இருக்கிறது அக்கா. காய்ச்சலில் நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. கொட்டகையில் இப்போது நானும், கூட்டிப் பெருக்கும் முனுசாமி அண்ணனும்தான்.

ஒவ்வொரு கூண்டிலும் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டிருந்தீர்கள். தின்றதா, எழுந்ததா, ஆளைப் பார்த்து அசைந்ததா. பூனையென்றால் உடம்பை நக்கிக்கொண்டதா. சோறு வைப்பவர் தினமும் எழுத வேண்டும். மூன்று நாளும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால்தான் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு ஆள் போகும். இனித் தேறாது என்று அவரும் சொன்னால்தான் வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசி. எழுதியவரே தலையைப் பிடிக்க வேண்டும். காலில்லை, கண்ணில்லை, எடுத்துப்போக ஆளில்லை என்பதெல்லாம் உங்களுக்குக் காரணமே இல்லை. கொட்டகை நிறைந்துபோன மழைக்காலத்தில், நாலு கிழட்டு நாயை ஒழித்தால் இடம் கிடைக்குமே என்றார் ஒருவர். "எடம்தான் வேணும்னா மொதல்ல உன்னதான்யா ஒழிக்கணும். நீதான் ரொம்ப அடச்சிக்கினு நிக்கற" என்றீர்கள். அவர் தொப்பையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

லாரி இடுப்பில் ஏறிய அந்தச் செவலை நாய்க்குச் சோறு வைத்தது நான். நாலு நாள் அது வாயே வைக்கவில்லை. சோற்றைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டு "தின்றது" என்று எழுதினேன். முனுசாமி அண்ணன்தான் கண்டுபிடித்தார். "இன்னா பாப்பா, காக்காவுக்குலாம் கல்யாண சாப்பாடா?"

நீங்கள் திட்டவில்லை. ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நாலு நாளு வலிச்சிக்கினு கெடந்திருக்குடி. நீ அழாம இருக்கறதுக்கு."

அன்றைக்கே டாக்டர் வந்தார். தலையை நான் பிடித்தேன். நீங்கள் என் கைமேல் உங்கள் கையை வைத்து அழுத்திக்கொண்டீர்கள்.

இப்போது உங்கள் ஒற்றைக்கண் பூனை. நீங்கள் போனபின் தீனி குறைந்துகொண்டே வந்து, இப்போது பாலைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. வாந்தி. முடியெல்லாம் சடை பிடித்துவிட்டது. "ஏக்கம் பாப்பா. ரெண்டு நாளு போனா தானா துன்னும்" என்கிறார் முனுசாமி அண்ணன். நேற்று ஒரு நாயைப் பார்க்க வந்த டாக்டர் பூனையின் வாயையும் முகர்ந்து பார்த்தார். "ஏக்கம் இல்லம்மா. கிட்னி போயிடுச்சி. இன்னும் ஒரு நாள் பாத்து எழுதி வை. நாளான்னிக்கி காலைல வரேன்" என்றார்.

இரண்டு நாள் "இல்லை" எழுதியாகிவிட்டது. இன்று விரலில் பால் தொட்டு நீட்டினேன். உதட்டில் ஒட்டியது. நக்கியதா, நான்தான் பூசிவிட்டேனா? "தின்றது" என்று எழுதப் பலப்பத்தை எடுத்தேன். எழுதவில்லை. "இல்லை" என்றும் எழுதாமல் ஓடிவந்துவிட்டேன். உங்கள் மடியில் தூங்கிய ஒரே உயிர் அது. அதையும் அனுப்பிவிட்டால் கொட்டகையில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

ஆனால் அது நக்கவில்லை, அக்கா. இங்கே உங்களிடம் எழுதும்போது பொய் வரமாட்டேன் என்கிறது. காலை ஏழு மணி வண்டியில் போய், டாக்டர் வருமுன் "இல்லை" என்று எழுதுவேன். தலையையும் நானே பிடிப்பேன். மேலே உங்கள் கை இல்லாமலே பிடிக்கப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்காமலே விட்டுவிட்டேன். ஊசி ஏறும்போது குனிந்து அதுகளின் காதில் ஏதோ சொல்வீர்களே, ஒவ்வொன்றுக்கும், அது என்ன? எனக்கு அது வேண்டும். நாளைக்கு

கதவைத் தட்டுகிறார்கள். நைனா. "இன்னும் இன்னாத்துக்கு வெளக்கு எரியுது? இன்னா எழுதிக்கினு இருக்க, தொற