பதிலுக்குத் தட்டிய வள்ளம்

என் அன்பான அண்ணா,

அங்கே மூச்சு முட்டாமல் இருக்கிறீர்களா? எழுத உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றியது. கடைசி மூன்று மாதமும் ஒரு வசனத்தை இரண்டாக உடைத்து, நடுவில் மூச்சு வாங்கித்தான் பேசினீர்கள். இப்போது எவ்வளவு நீளமாகவும் நீங்கள் பேசலாம், எனக்குத்தான் கேட்காது என்று இருந்தேன். இந்தக் கார்த்திகை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. மச்சாள் சுகம். பழுகாமத்துக்குப் போகும் தாழ்வான வீதியெல்லாம் வழக்கம்போலத் தண்ணீருக்குள். நீங்கள் கலியாணம் முடித்துப் போய்ச் சேர்ந்த மச்சாளின் சீதன வளவில், நம் பட்டறையின் வாசல்வரை வாவி வந்துவிட்டுப் போனது. நீங்கள் வேலைக்கு இருக்கும் வாங்குப் பலகை நனையவில்லை.

இனிச் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கதையை வளர்க்கிறாள் என்று கோபிக்காதீர்கள்.

இருபது வருடம் பைபர் வள்ளம் கட்டினீர்கள். கண்ணாடி நாரை ரெசினில் தோய்த்துப் படைபடையாக அச்சில் வைப்பதும், காய்ந்தபின் தேய்ப்பதுமாக உங்கள் காலம் போனது. தேய்க்கும்போது பறக்கிற தூசிக்கு வாயில் ஒரு சாரத்துண்டைக் கட்டிக்கொள்வீர்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய நாளில், வீட்டுக்கு வந்து நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “இந்தக் கண்ணாடிய விடவேணும் புள்ள. எனக்குப் பிறகு ஒருத்தனும் இதத் திங்கப்படாது.”

அப்படித் தொடங்கியதுதான் வாழைநார் வள்ளம். குலை வெட்டியபின் எறிகிற வாழைத்தண்டை உரித்து நார் எடுத்தோம். கஜு என்கிற முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடிக்கிற எண்ணெயை ரெசினில் கலந்தோம். அது பட்டு உங்கள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. வள்ளம் கவிழ்ந்தாலும் தாழாமலிருக்க, முன்பக்க அறைக்குள் மிதவைப் பஞ்சுக்குப் பதிலாக மூடி இறுக்கிய பழைய சோடாப் போத்தல்களை அடுக்கினோம். கூரையில் சோலார் தகடு வைத்து, பின்னால் பெட்டரியில் ஓடும் மோட்டரைப் பூட்டினோம்.

ஊர் சும்மா இருக்குமா? “வாழநாருல பூக் கட்டலாம், வள்ளம் கட்டலாமா?” என்று சிரித்தார்கள். “பூக் கட்டின நார் அறுந்து எப்பயாவது பாத்திருக்கியா?” என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்.

நாரைப் பற்றி உங்களிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும் மாதங்களில் மட்டும்தான் நாரை அச்சில் வைக்கவேண்டும். மழை கொண்டுவரும் வாடைக்காற்றில் தொடவே கூடாது. கையில் பிடித்தால் காய்ந்ததுபோலச் சரசரக்கும், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும் என்பீர்கள்.

வைத்த படை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போமே, அதையும் சொல்லவேண்டும். நீங்கள் வெளியே நின்று மடக்கிய விரல்மொழியால் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். நான் வள்ளத்துக்குள் காதை ஒட்டவைத்துக்கொண்டு கிடப்பேன். சத்தம் இறுக்கமாகக் கேட்டால் உள்ளிருந்து இரண்டு தட்டு. படைக்கு நடுவே ஒட்டாமல் கோறை விழுந்து சத்தம் தொப்பென்று கேட்டால் பதிலுக்குத் தட்டாமல் இருப்பேன், நீங்கள் அந்த இடத்தில் சோக்கால் கோடு கீறுவீர்கள். வேலை நேரத்தில் நாம் வாயால் பேசிக்கொண்டது குறைவு.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். போன மார்கழியில் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். வள்ளத்தில் வலப்பக்க அடியில், முன்னறைக்குப் பக்கத்தில், கடைசிப் படை மட்டும் மிச்சம். வெளியே வாடை, மழை. கச்சான் வர இன்னும் ஐந்து மாதம் கிடந்தது, உங்களுக்கு ஐந்து மாதம் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வள்ளம் மிதப்பதை உங்கள் கண்ணால் காட்டவேண்டும் என்ற ஒரே வெறியில், நெல் அவிக்கிற அடுப்புக்கு மேலே நாரைத் தொங்கவிட்டு, சரசரத்ததும் எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “முடிச்சிற்றன் அண்ணா” என்றேன். “நார் காஞ்சதா?” என்று கேட்டீர்கள். “ஓம்” என்றேன். என் கையை விடாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “சரி புள்ள” என்றீர்கள். தை பிறந்து நாலாம் நாள் போய்விட்டீர்கள், வள்ளம் பட்டறையிலேயே கிடந்தது.

வைகாசியில் வள்ளத்தை வாவியில் இறக்கினோம். மோட்டருக்குச் சத்தமே கிடையாது, முதல் கிழமையே வம்பு வந்தது. விடியற்காலையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்க்க, ஒரு பாகத் தூரம், ஆறடி தள்ளி நம் வள்ளம் நிற்கிறது, அதில் வெள்ளைச் சேலையோடு மச்சாள் இருக்கிறாள். மனிதர் வலையைக் கைவிட்டு ஓடப் பார்த்தாராம். தண்ணீருக்குள் எங்கே ஓடுவது? அன்றிலிருந்து அதற்குப் பேய்த்தோணி என்று பெயர்.

எஞ்சின் இரைச்சல் இல்லாததால் அடித்தட்டு வழியாக எல்லாமே கேட்டது. அடியில் சாதாளைப் பாசி உரசுவது, இறால் தெறிப்பது, எதுவென்று தெரியாத ஒரு முனகல். வாவியில் மீன் பாடும் என்று ஊரே சொல்கிறது, எனக்கு அது பாட்டுமாதிரி இல்லை. யாரோ தூக்கத்தில் கதைப்பதுபோல இருந்தது.

மச்சாள் அந்த வள்ளத்தில் ஆள் ஏற்றி, வாவியின் இரண்டு பக்கமான படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் ஓடிப் பிழைப்பதென்றுதான் பேச்சு. ஆவணியில் நாள் சரியில்லை என்றாள். புரட்டாதியில் உங்கள் மகளுக்குக் காய்ச்சல். ஐப்பசியில் வேறொரு சாட்டு. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இந்தக் கார்த்திகையில் வீதி தண்ணீருக்குள் தாண்டுபோனதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் வந்து கெஞ்சினார்கள். “திங்கக்கிழமை தொடங்குவம்” என்றாள் மச்சாள். அதை அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவள் நான். ஆறு மாதம் மிதந்த வள்ளம் இனியும் மிதக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை விடிய, கட்டியிருந்த வள்ளத்தைத் துடைக்கப் போனேன். பழக்கதோஷத்தில் முன்னறைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன்.

உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

அண்ணா, எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கரைக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அன்று ஓட்டமாவடியிலிருந்து ஹனீபா காக்கா வந்திருந்தார், நமக்குப் போத்தல் சேர்த்துத் தருகிற அதே மனிதர்தான். அவரைக் கூட்டிப்போய்த் தட்டிக் காட்டினேன். அவருக்கும் கேட்டது. பிஸ்மி சொல்லிவிட்டு முன்னறை மூடியைக் கழற்றி, ஒரு போத்தலை வெளியே எடுத்தார். அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினார். டக்கென்று உப்பியது.

“தங்கச்சி, ஜின்னுமில்ல ஒண்டுமில்ல. தகரக் கூரைக்குக் கீழ, உச்சி வெயிலுக்க வெச்சி மூடியிரிக்கீங்க. குளிருக்கு ஒட்டுது, வெயில் பட்டா உப்புது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்” என்று சிரித்தார்.

போன வருடத்து ஆவணி வெயிலில் வியர்வையைத் துடைத்துத் துடைத்து நீங்கள் இறுக்கிய மூடிகள் அவை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குளிர் நேரத்தில் திரும்ப மூடினால் சரி என்றார் காக்கா. நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறக்கத் திறக்க ஒவ்வொரு போத்தலும் ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எத்தனை நாள் கேட்ட சத்தம் அது! பாதிக்குமேல் என்னால் முடியவில்லை, மிச்சத்தைக் காக்கா திறந்தார்.

வியாழக்கிழமை விடிய மறுபடி போனேன். போத்தலெல்லாம் பட்டறையில். முன்னறை வெறுமையாகக் கிடந்தது, மூடிகூடப் போடவில்லை. மனதைத் தேற்றத்தான் தட்டினேன்.

இரண்டு தட்டு.

கையை ஒரு சாண் தள்ளினேன். இரண்டு. இன்னொரு சாண். இரண்டு. ஓடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வேலை நேரத்தில் இருப்பதுபோல ஒரு அமைதி வந்துவிட்டது, வரிசை தவறாமல் தட்டிக்கொண்டே போனேன். அப்படியே வலப்பக்க அடிக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு இடத்தை வருடம் முழுக்க நான் தட்டியதில்லை.

தட்டினேன். பதில் இல்லை. திரும்பவும் தட்டினேன். வாவியில் ஒரு அலைகூட இல்லை, அடியில் கேட்கிற முனகலும் நின்றுபோயிருந்தது. பதில் வராவிட்டால் நம் தொழிலில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? யாரோ உள்ளே காதை ஒட்டிவைத்துக்கொண்டு கிடக்கிறார்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

வெயில் ஏறுமுன் ஹனீபா காக்காவும் இன்னும் மூன்று பேருமாக வள்ளத்தைக் கரைக்கு இழுத்தோம். சோலார் தகட்டைக் கழற்றிவிட்டுப் புரட்டினோம். நானே கிரைண்டரைப் பிடித்து வெட்டினேன். மேல்படை நல்ல பளபளப்பு. உள்ளே நார் கறுத்துப் புளித்து, பழைய கழுநீர்போல நாறியது. என் விரல் முதல் கணுவரைக்கும் தடையில்லாமல் உள்ளே போனது. “யா அல்லாஹ், இதிலயா புள்ளயள ஏத்தப் பாத்தீங்க?” என்று காக்கா கேட்டார்.

மச்சாள் வந்து நின்றாள். அவ்வளவு பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். ஈர நாரை வைத்தது நான். காய்ந்தது என்று உங்களிடம் பொய் சொன்னதும் நான். சாகிற மனிதனை ஏமாற்றி அனுப்பியவள் நான் என்றும் சொன்னேன்.

மச்சாள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. சேலைத் தலைப்பால் என் கையிலிருந்த கறுப்பைத் துடைத்தாள்.

“அவர ஆரு ஏமாத்தினது? நீ கையப் புடிச்சிக் கதைச்சிற்றுப் போன அண்டைக்கே என்னக் கூப்பிட்டுச் சொன்னவர். ‘புள்ளட கையில ஈர நார் மணக்குது. நீ ஒண்டும் கேளாத, அவளாச் சொல்லுவாள். சொல்லுமட்டும் ஆளேத்தாத’ எண்டு. எத்தின நல்லநாளத் தள்ளினன், ஏன் மச்சாள் எண்டு ஒருநாளாவது கேட்டியா?”

“நான் சொல்லாட்டி? திங்கக்கிழமை?”

“விடிய நானே கோடாலி எடுத்திருப்பன். அதுக்கு மறுகா உன்னோட ஆயுசுக்கும் கதைச்சிருக்க மாட்டன்.”

வெறும் அறைக்குள்ளிருந்து தட்டியது யார் என்று அவளிடம் கேட்டேன். அவள் வள்ளத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “உனக்குத்தானே கேட்டது” என்றாள். அதன்பிறகு நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கப்போவதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிள்ளைகளைக் காக்காவின் சொந்தக்காரர் ஒருவர் பழைய எஞ்சின் வள்ளத்தில் ஏற்றி இறக்குகிறார். புகையும் எண்ணெயும் வாவியில் மிதக்கத்தான் செய்கிறது. இந்த வருடத்துக்கு அது போகட்டும் அண்ணா.

ஆஸ்பத்திரியில் என் கையை விடாமல் வைத்திருந்தீர்களே, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் தெரிந்துகொண்டீர்களா? தெரிந்துகொண்டுதானா “சரி புள்ள” என்றீர்கள்? ஒரு அறை அறைந்திருக்கலாம். என் பொய்யை நீங்கள் நம்பவில்லை, ஆனாலும் என்னை நம்பிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதைத் தாங்கத்தான் முடியவில்லை.

வெட்டிய இடத்தில் காய்ந்த நார் வைத்து, தட்டிப் பார்த்து, இறுக்கி அடைப்பேன். அந்த ஒட்டுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கமாட்டேன், இது சத்தியம். இதேமாதிரி வள்ளம் கட்டப் பழகவேண்டுமென்று ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவரையும் முதலில் அந்த ஒட்டுக்கு முன்னால் நிறுத்தி, இங்கே நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொழிலைச் சொல்லிக்கொடுப்பேன்.

கையைக் கழுவாமல் வந்து பிடிபட்ட,
உங்கள் ஒரே தங்கச்சி.