மாமாவுக்கு வைத்த முறை

மாமா,

இன்று காலை கடைக்குப் பின்னால் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த மண்ணில் முதல் தண்ணீர் ஏறும்போது ஒரு வாடை வருமே, அது செராக்ஸ் மெஷினின் சூட்டு வாடையையும் மீறி உள்ளே வந்துவிட்டது. நான் வாசலில் போய் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். வந்திருந்தவரின் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் எடுப்பதற்குப் பதில் முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். திட்டினார். நீங்களாக இருந்தால் மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். நான் உங்கள் மாப்பிள்ளை அல்லவா.

உங்கள் ஊரில் தண்ணீருக்கு முறை வைக்கிறவர் நீங்கள். ஆற்றில் வரத்து குறைகிற வருடங்களில், இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று நீங்கள் சொல்லிவிட்டால், மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்தவன்கூட முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போவான். கடைமடைக்கு முதலில் விட வேண்டும் என்பது உங்கள் சட்டம். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவனுக்குக் குரலே எழும்பாது, அவன் நனைந்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்பீர்கள். உங்கள் சொந்த வயல் வாய்க்காலின் தலைப்பில், முதல் ஆளாக இருந்தது. நம் பயிர் வாடுகிறதே என்று அத்தை உங்களோடு பேசாமல் இருப்பார். அந்த நாட்களில் நான் வந்தால் எனக்கு அருமையான காபி கிடைக்கும். கோபம் வந்தால் அத்தைக்கு டிகாஷன் இறுகிவிடும்.

அத்தை போய்ச்சேர்ந்து, காரியம் முடிந்த மறுநாள் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். நீங்கள் அதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தீர்கள், இனித் தனியாக விடக் கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பெரிய மச்சான் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். அப்பா செத்துப் பிழைத்தாலும் மீட்டிங் நடத்துவதுபோலத்தான் பேசுவார். சின்ன மச்சான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். அவர் மனைவியும் பெண்ணும் திருச்சியில் ஃபிளாட்டில்.

"ஆறு மாசம் சென்னை, ஆறு மாசம் திருச்சி. சிம்பிள்" என்றார் பெரியவர்.

"வெயில் காலம் உங்ககிட்ட இருக்கட்டும்ணே. உங்க வீட்லதான் ஏசி இருக்கு."

"வெயில்லதான்டா எங்க தெருவுல தண்ணியே வராது, லாரியில வாங்குறோம். அவரு குளிக்கிற குளியலுக்கு எத்தனை லாரி நிறுத்துறது?"

நீங்கள் நாற்காலியில் இருந்தீர்கள். உங்களை யாரும் பார்க்கவில்லை. என் மல்லிகா தூணோரம் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வாயைத் திறந்தேன். "மாமா எங்க வீட்ல இருக்கட்டுமே. பாபநாசம் என்ன தூரமா?"

"நீங்க காபியக் குடிங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர். சின்னவரும் தலையாட்டினார். அன்றைக்கு முழுக்க அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். நம் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பந்தியில் முதல் இலை. பேச்சில் கடைசி இலைகூடக் கிடையாது.

பிறகு நீங்களே சொன்னீர்கள். "பொண்ணு வீட்டுல போய் உக்காந்தா ரெண்டு பயலையும் ஊரு காறித் துப்பும். வேணாம் மாப்பிள்ளை." அவர்கள் உங்களைத் தள்ளிவிட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், நீங்கள் அவர்கள் மானத்துக்குக் காவல் இருந்தீர்கள். கொல்லையில் கை கழுவும்போது என்னிடம் மெதுவாக, "தண்ணி முறையில, என் வயலுக்கு முதல்ல விடுன்னு அடிச்சிக்குவானுவ. இது புது மாதிரியா இருக்கு. அடுத்தவன் வயலுக்கு விடுங்கிறானுவ" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்து முடித்த பிறகும் நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

முறை மாறுகிற இடம், உங்கள் பிடிவாதத்தில், பாபநாசம் ஸ்டேஷன் என்று ஆனது. பெரியவர் சென்னையில் ரயில் ஏற்றிவிடுவார், திருச்சியிலிருந்து கார் வந்து உங்களை அள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போதும் அப்படியே. கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு, நீங்கள் வரமாட்டீர்கள். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மல்லிகாவின் கேரியரைத் திறப்பீர்கள். சாப்பிடலாம், தங்கக் கூடாது. கார் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று நான் திருச்சிக்கு ஃபோன் போட்டு, "ரயில் லேட்டும்மா, மெதுவா அனுப்புங்க" என்பேன். அப்போது நீங்கள் எனக்குப் பக்கத்திலேயே தயிர்சாதம் பிசைந்துகொண்டிருப்பீர்கள். ரயிலின் மேல் அவ்வளவு பழி போட்டவன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க மாட்டான். அந்தப் பொய்யில் கிடைத்த நேரத்தில் மல்லிகா உங்களுக்கு நகம் வெட்டிவிடுவாள்.

நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறக் காத்திருந்த ஒருநாள், நகம் வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஊருக்கெல்லாம் கடைமடைக்கு முதல்ல விட்டீங்களேப்பா. நான் கடைமடை இல்லையா?"

நீங்கள் தண்டவாளத்தைப் பார்த்தீர்கள். "இட்லி பூ மாதிரி இருந்துச்சும்மா" என்றீர்கள். அன்றைக்கு அவள் கொண்டுவந்தது தோசை.

அதுதான் கடைசியாகப் பார்த்தது. சென்னை முறை முடிந்தபோது, பெண்ணுக்குப் பரீட்சை, கொஞ்ச நாள் கழித்து அனுப்புங்கள் என்றது திருச்சி. என் முறை முடிந்துவிட்டது, எனக்கு அமெரிக்கா டிக்கெட் போட்டாயிற்று என்றது சென்னை. இரண்டு மதகையும் அடைத்துவிட்டார்கள். நடுவில் உங்களை நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள். விட்ட பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். மல்லிகா ஃபோனில் கத்தினாள். "நல்ல இடம் மல்லிகா, டிவியெல்லாம் இருக்கு" என்றார் பெரியவர். நான் போய் உங்களைக் கையோடு அழைத்துவருவதாக ஏற்பாடு. உங்களுக்கு மாற்று வேட்டி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், செய்தி வந்தது. யார் முறையிலும் சேராத ஒரு நாளில் போனீர்கள்.

ஊரில் பெரிய சாவு. இரண்டு மகன்களும் ஆளுக்கொரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், யார் பெயர் முதலில் என்பதில் ஒத்துவராமல். பெரியவர் வைத்ததில் உங்கள் படத்துக்குப் பின்னால் ஏதோ வெளிநாட்டு அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மடைத் தண்ணீர் வீணானால் ராச்சோறு இறங்காத மனுஷனுக்கு அருவி. நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்து பந்தலுக்குப் பின்னால் போனேன். போனபிறகு சிரிப்பு வரவில்லை. பந்தியில், "பிள்ளைங்க ஒரு குறையும் வைக்கல" என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது மாமா. ஊர் துப்பவில்லை.

நீங்கள் என் கையில் கொடுத்துவிட்டுப் போனதுதான் தீரமாட்டேன் என்கிறது. அந்தத் தோசை நாளில், மல்லிகா கேரியரைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "எனக்கு உங்க வீட்லதான் இருக்கணும்னு இருக்கு மாப்பிள்ளை. அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா விடமாட்டா. பயலுவளுக்கு அசிங்கமாப் போயிடும்." என் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவைச் சுற்றி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் என்னிடம் சொன்னீர்கள். நான் எப்படியாவது உளறிவிடுவேன் என்றுதான் சொன்னீர்களா? வாழ்நாளில் அந்த ஒருமுறை போய் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பாவுக்கு நம்ம வீட்டுல ஒரு நாளாவது இருக்கணும்னு தோணவே இல்ல, பாத்தீங்களா" என்பாள் மல்லிகா. உன் சாம்பாருக்குப் பயந்திருப்பார் என்பேன். முன்பெல்லாம் கரண்டியை ஓங்குவாள். நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டால், ஆசைப்பட்டும் கிடைக்கவில்லை என்று தெரிந்து உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், வேண்டாமென்று போன அப்பாதான் அவளுக்கு மிச்சம். நேற்றும் கேட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், பதில் வேண்டாதவளைப் போல எழுந்து விளக்கேற்றப் போய்விட்டாள்.