வாலில் மாட்டிய சுறா

ஜனவரி 9
காசிமேட்டில் ஐஸ் ஏற்றியாயிற்று. மதியம் கிளம்புகிறோம். போன முறை கடல் ஏமாற்றிவிட்டது. எங்கள் படகை ஓட்டும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி 14
சூரை மீன்கூடச் சரியாகப் படவில்லை.

ஜனவரி 15
எழுதிவிட வேண்டும்.

காலையில் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பாரம். சுறா! ஆனால் தலை வரவில்லை, வால் வந்தது. வாலிலேயே முள் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க வால் முடியவேயில்லை. உடம்பு எவ்வளவோ அவ்வளவு வால்.

"வால்ல எப்பிடிடா மாட்டும்?" என்றேன்.

"அது வாலாலதான் மீனை அடிக்கும்," என்றான் கூட இழுத்த ஜெபசிங். நான் நம்பவில்லை. அதற்குள் வாலை வீசியது. ஜெபசிங்கின் காதுக்குப் பக்கத்தில் ஓரப் பலகை பிளந்தது.

சுறா புரண்டது. கருங்கண், என் உள்ளங்கை அகலம். உப்பிய வயிற்றிலிருந்து — கடவுளே — ஒரு குட்டி வழுக்கி வந்தது. மடங்கியிருந்த அதன் வால், தண்ணீர் பட்டதும் விரிந்தது. தாயின் வால் போலவே. ஒரு துள்ளு துள்ளி ஆழத்துக்குள் போய்விட்டது.

கயிற்றை இழுக்க மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாடா வேடிக்கை? இஸ்து மேல போடு!" அண்ணன் கத்தினார்.

நான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டேன். ஏன் செய்தேன்? இப்பவும் தெரியல.

அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "இந்த தபா உருப்படியா பட்டதே அது ஒண்ணுதான்டா டில்லி! கரைக்குப் போனதும் வேற படகு பாத்துக்கோ."

ஜனவரி 21
வீட்டில் சும்மா கிடக்கிறேன். வேலை போச்சு. ஆனா அந்தக் குட்டி வால விரிச்சது... கண்ணை விட்டுப் போகவே இல்ல.

ஜனவரி 27
ஜெபசிங் வந்தான். "அண்ணன் கூப்பிடறாரு."

"திட்டறதுக்கா?"

"தெரியாது. பிளந்த பலகையை அவரே மாத்திட்டாரு. வா."

பிப்ரவரி 3
மறுபடி அண்ணன் படகில், கடலில். விடிந்து கொஞ்ச நேரம். படகுக்குப் பக்கத்தில் சிறுமீன் கூட்டமொன்று கொதித்தது. கீழே ஒரு நிழல் பாய்ந்து வந்து சட்டென்று நின்றது. அதன் நீண்ட வால் தன் தலைக்கு மேலாகச் சுழன்று விழுந்தது. அடிப்பலகை வழியே அந்த அதிர்வு காலில் ஏறியது. மயங்கிய மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. அது திரும்பி வந்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது.

ஜெபசிங் தூண்டில் பெட்டியைத் திறந்தான்.

"மூடுடா," என்றார் அண்ணன். இன்ஜினை அணைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாய் திறந்தே இருந்தது.

கடல் அடங்கியபின் படகைத் திருப்பினார்.

"தெக்கால போய் தூண்டில் போட்டுக்கலாம்."