மூக்குக்குத் தெரியாத அசிட்டோன்

என்னங்க,

நீங்களும் சின்னவளும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வேலை பழகிவிட்டது. படகுப் பட்டறையில் பிசின் ஒட்டிய பிரஷ்களை அசிட்டோனில் கழுவுகிறேன். பார்த்தால் தண்ணீரேதான். கையில் பட்டால் சில்லென்று இருக்கும், துடைப்பதற்குள் பறந்துவிடும். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமாம். தரையோடு ஊர்ந்துபோய் எங்கோ ஒரு பொறியில் பற்றிக்கொள்ளுமாம்.

நேற்று ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். பின்னால் அசிட்டோன் டப்பா கவிழ்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. குளிருகிறதே என்று ஹீட்டரைப் போடக் கை நீட்டினேன். உள்ளே வந்த பெயிண்டர் அண்ணன், "ஐயோ, தொடாதம்மா! நாத்தம் குடலைப் புரட்டுது, உனக்குத் தெரியலையா?" என்று கத்தினார்.

தெரியவில்லைங்க. ஒன்றுமே தெரியவில்லை.

"மூக்கு பழகிப்போச்சு, அவ்வளவுதான்" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து சோப்பை முகர்ந்தேன், காபிப் பொடியை முகர்ந்தேன். லேசாக ஏதோ வந்தது. அது வாசனையா, வெறும் நினைப்பா என்று புரியவில்லை.

ஓர் உதவி. சின்னவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அனுப்புங்கள். அவள் கேட்டால், புதுச் சட்டை தைக்க அம்மா அளவுக்குக் கேட்டாள் என்று சொல்லுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். சட்டையைப் பிரித்ததும் எழுதுகிறேன். தாமதமானால், இன்னும் பிரிக்கத் தைரியம் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.