மாடி அறைக்குத் தண்ணீர்

பிப்ரவரி 3
தலையில் ஷாம்பு. குழாய் நின்றுவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே போய்க் கேட்டால், வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிரக்கூட இல்லை. "கரண்ட் பில்லு யாரு கட்றது? மாடிக்கு இனிமே சாயங்காலந்தான் மோட்டார்." வகுப்புக்குப் பிசுபிசுத்த தலையோடு போனேன். மனுஷனா இவன்?

பிப்ரவரி 5
இன்றும் இல்லை.

பிப்ரவரி 8
காரணத்தை என் அறைத்தோழி சோடாபுட்டி மோப்பம் பிடித்து வந்தாள். பக்கத்து மாடியில் ஆபீஸ் போகிறவர்கள் இரண்டு மடங்கு வாடகை தருகிறார்களாம். இவருக்கு வயிறு எரிகிறது. போகச் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்; நாங்களாக ஓடினால் தர வேண்டாம். என்ன ஒரு மூளை! ஹாஸ்டலில் இடமில்லை. மற்ற அறைகளெல்லாம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். பரீட்சை முடியும்வரை நான் நகரப் போவதில்லை.

பிப்ரவரி 9
அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். வழக்கமாக "பொறுத்துப் போம்மா" என்று முடித்துவிடுவார். இன்று துருவித் துருவிக் கேட்டார் - எந்த நேரத்தில் நிறுத்துகிறார், அட்வான்ஸைப் பற்றி வாயைத் திறந்தாரா என்று. எனக்காகக் கோபப்பட ஒருத்தராவது இருக்கிறாரே.

பிப்ரவரி 20
சோடாபுட்டி மூட்டை கட்டிவிட்டாள். ஊர்க்கோடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு. துரோகி! இனி முழு வாடகையும் என் தலையில். வீட்டுக்காரர் பல்லைக் காட்டுகிறார். "முடியலன்னா நீயும் கெளம்பும்மா. நான் என்ன உன்னக் கட்டியா வச்சிருக்கேன்?"

கிளம்ப மாட்டேன்டா. என்ன பண்ணுவ?

மார்ச் 1
அப்பா முழு வாடகையும் அனுப்பிவிட்டார். ஏது இவ்வளவு பணம் என்று போன் செய்தேன். நான் இங்கே வந்த பிறகு, வீட்டில் என் அறையைக் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேருக்கு விட்டிருந்தார். இப்போது அதில் ஒரு பேங்க்காரர் குடியிருக்கிறாராம், கூடுதல் வாடகைக்கு.

"அந்தப் பிள்ளைங்க?"

"நீ சொன்னியே, அதே மாதிரி காலையில தண்ணிய நிறுத்தினேன். தானா ஓடிட்டாளுக. அட்வான்ஸும் மிச்சம்."

"பரீட்சை நேரம்ப்பா..."

"உனக்குந்தான பரீட்சை?"

திட்ட வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டேன். பணத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எச்சில் தொட்டு எண்ணினார்.

"உங்கப்பா தங்கமான மனுஷன்மா" என்றார்.