சரி, வெச்சிடவா?

மார்ச் 4, செவ்வாய்

கடைசிக் காட்சியை இன்று முடித்துவிட்டேன். முடித்தேன் என்றால், நாற்பது நாளாகப் போட்ட வெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். இப்போது அது ஒரே ஷாட். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. எடிட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மனைவி இறந்த பிறகு ஒரு அப்பா, வெளியூரில் இருக்கும் மகளுக்கு முதல்முறையாக ஃபோன் செய்கிறார். இத்தனை வருடமும் அம்மாதான் பேசினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. இப்போது அவருக்குப் பேச வரவில்லை. "சரி, வெச்சிடவா?" என்கிறார். வைக்கவில்லை. மகள் "ம்" என்கிறாள். அவளும் வைக்கவில்லை. இப்படியே நான்கு தடவை. அவ்வளவுதான் காட்சி. நானூறு முறையாவது பார்த்திருப்பேன். இன்றும் நான்காவது தடவை அவர் கேட்டபோது என் கை தானாகக் கீபோர்டை விட்டு எழுந்துவிட்டது. ஒரு மனிதர், ஒரு நாற்காலி, ஒரு ஃபோன். இதற்குள் எப்படி இத்தனையும் நுழைந்தது?

டைரக்டர் என் கொழுந்தன்தான். பார்த்துவிட்டு, "அண்ணி, இனிமே இதைத் தொடாதீங்க" என்று என் மவுஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். நிஜமாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

விளம்பரப் பொறுப்பில் இருப்பவர் வந்தார். "படம் நல்லா இருக்கு மேடம். ஆனா நல்லா இருக்குன்னு சொன்னா யார் வருவா? சிரிப்பு இருக்குன்னு சொல்லுங்க, குடும்பத்தோட வருவாங்க." டிரெய்லரில் நான்கு இடத்திலாவது சிரிக்க வேண்டுமாம். மொத்தப் படத்திலேயே மூன்று இடம்தான் இருக்கிறது. நான்காவதற்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 10, திங்கள்

நான்காவது கிடைத்துவிட்டது. அந்த அப்பாவின் "வெச்சிடவா?"வில் மூன்றை எடுத்து, நடுவில் இருந்த மௌனத்தை எல்லாம் சுருக்கி அடுக்கி, ஒரு 'டொய்ங்' சத்தம் சேர்த்தேன். ஒன்பது விநாடி. அறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். கெட்டிக்காரிடி நீ என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கொழுந்தன் பின்னணி இசை வேலைக்காக வெளியூர் போயிருக்கிறான்.

மார்ச் 17, திங்கள்

டிரெய்லர் பிய்த்துக்கொண்டு போகிறது. எங்கே போனாலும் அந்த வசனம்தான். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு "சரி, வெச்சிடவா?" என்கிறார். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் கோரஸாகக் கத்திக்கொண்டு போகின்றன. மத்தியானம் ஆபீஸிலிருந்து பேசிய என் வீட்டுக்காரரும் அப்படியே சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சுரீரென்று உறைத்தது.

ஐயோ. கடைசிக் காட்சியில் அவர் வாயைத் திறந்ததும் தியேட்டரே சிரிக்கப்போகிறதே!

நான்தானே — என் கையாலயே — ஊருக்கெல்லாம் அந்த இடத்துல சிரிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்கு ஏன் தோணல? உதவியாளாவே பதினஞ்சு வருஷம் குப்பை கொட்டினேனே, எந்த வெட்டு எங்க போய் முட்டும்னு பார்க்கிறதுதானே என் பொழப்பு? முதல் முதலா என் பேர் போட்டு வர்ற படம். அதோட உயிரை நானே பிடுங்கி விளம்பரத்துக்குக் குடுத்துட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கொழுந்தனிடம் போய்ச் சொன்னேன். டிரெய்லர் பார்த்த அன்றே அவனுக்குப் புரிந்துவிட்டதாம். அந்தக் காட்சிக்காகத்தான் மூன்று வருடம் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவாயில்ல மேடம், ஹிட் ஆயிடுச்சில்ல" என்றான்.

மேடம்.

மார்ச் 24, திங்கள்

தயாரிப்பாளருக்கும் பயம் வந்துவிட்டது. "முதல் ஷோ பாருங்கம்மா. சிரிச்சாங்கன்னா அந்த சீனைத் தூக்கிட்டு மறுநாளே வேற பிரிண்ட் அனுப்பிடணும்" என்றார். காட்சி இல்லாத படத்தையும் தயார் செய்து வைத்தேன். அதுவும் படமாகத்தான் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குறையே தெரியாது.

மார்ச் 28, வெள்ளி

இன்று ரிலீஸ். முதல் ஷோவே பகல் காட்சிதான். திரைக்குப் பக்கத்துக் கதவருகே நானும் கொழுந்தனும் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் முகங்கள் தெரியும்.

அப்பா ஃபோனைக் கையில் எடுத்ததுமே கசமுசா. "சரி, வெச்சிடவா?" — குபீரென்று தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் விசில். கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது தடவை, கூடச் சேர்ந்து சொல்லவே சொன்னார்கள். டிரெய்லரில் மூன்றாவது உடனே வரும். அதற்காக எல்லோரும் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். வரவில்லை. அவர் ஃபோனையே பார்க்கிறார். பதினொரு விநாடி. சிரிக்கத் திறந்த வாய்கள் திறந்தபடியே இருக்க, முந்நூறு முகங்களிலும் சிரிப்பு மட்டும் வடிவதைக் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது தடவைக்கு யாரோ ஒருவர் மட்டும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். நான்காவது தடவை கேட்டபோது நடுவரிசையில் ஒரு அம்மா திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "வைக்காதீங்க!"

யாரும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இதை அவன் எழுதவில்லை. நான் வெட்டவில்லை. ஒருவரையொருவர் தெரியாத முந்நூறு பேர், வந்த இடத்தில், தாங்களாகவே செய்துகொண்டார்கள். முதலில் சிரித்ததால்தான் அவ்வளவு வலித்ததோ? இத்தனை வருடமாகப் படத்தை இருட்டறையில் உட்கார்ந்து நாங்கள் முடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன அசட்டுத்தனம்!

வெளியே வந்ததும் கொழுந்தன், "வேணும்னேதான் டிரெய்லரை அப்படிப் பண்ணீங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "இல்லப்பா, தப்புதான். சத்தியமா தப்பு" என்றேன். "இதை வெளியில சொல்லிடாதீங்க அண்ணி" என்றான். இருவருமாக நடுத்தெருவில் நின்று அழுதோமா சிரித்தோமா, தெரியவில்லை.

மார்ச் 29, சனி

காட்சி இல்லாத பிரதியை அழித்தேன். தயாரிப்பாளரே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

தியேட்டர் மேனேஜர் கூப்பிட்டார். குரலில் எரிச்சல். "உங்க படத்தோட பெரிய ரோதனையா இருக்கு மேடம். முடிஞ்சதும் யாரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. பேரெல்லாம் ஓடி முடிஞ்சாச்சு. பெருக்கறவங்க வெளக்கமாத்தோட வாசல்ல நிக்கிறாங்க. இவங்க என்னடான்னா இருட்டுல உக்காந்து ஆளாளுக்கு வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டிருக்காங்க. லைட்டைப் போடலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"போடாதீங்க சார். பேசி முடிக்கட்டும்" என்றேன்.

நாளையிலிருந்து அடுத்த காட்சியைப் பத்து நிமிடம் தள்ளி வைத்திருக்கிறாராம்.