எட்டாவது பாடம்

ஜனவரி 8

அன்பு மகளுக்கு,

இறைவன் திருவருளால் இங்கு யாவரும் நலம். உன் இல்லத்திலும் அந்நலமே தங்குக.

நம் உயிரியல் கையேட்டின் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை மூன்றாம் முறையாகத் திருத்தி இத்துடன் அனுப்பியுள்ளேன். நீ வரைந்த இதயப் படத்தில் வலப்பக்கம் இடப்பக்கமாகத் தெரிவது பிள்ளைகளைக் குழப்பும். 'படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஒரு வேண்டுகோள். எட்டாவது பாடமாகிய இனப்பெருக்கத்தை மட்டும் நீயே எழுதிவிடு. நீயும் ஆசிரியை, உன் கையால் அமைந்தால் நன்றாயிருக்கும்.

மார்ச்சுக்குள் அச்சேற வேண்டும் என்கிறார் பதிப்பாளர். இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. மேசைக்கும் வாசலுக்குமாக அலைகிறேன். "கைடு எழுதறீங்களா, வீட்டை அளக்கறீங்களா?" என்கிறாள் உன் அம்மா.

அன்புடன்,
அப்பா

ஜனவரி 15

அன்புள்ள அப்பா,

அம்மா கேட்டதைப் படித்துப் பேருந்திலேயே சிரித்துவிட்டேன். ஒளிச்சேர்க்கையை இனித் தொடாதீர்கள். அந்த இலை பாவம்.

எட்டாவது பாடத்தை நான் எழுத மாட்டேன். விளக்கம் உங்களுடையது, படமும் வினாக்களும் என்னுடையவை என்றுதானே பேச்சு?

காரணமும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதில் உங்கள் வகுப்பில் மூன்றாம் வரிசையில் இருந்தேன். அந்தப் பாடம் வந்த அன்று, "இதை வீட்டுல படிச்சுக்குங்க" என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டீர்கள். மற்றவர்களுக்குப் பள்ளி வேறு, வீடு வேறு. எனக்கு இரண்டு இடத்திலும் நீங்கள்தான் ஆசிரியர்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக் கழிவறையில் இரத்தத்தைப் பார்த்தபோது சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். நான்கு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வண்ணப் பென்சில்களை யாருக்குக் கொடுப்பது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

நீங்களே எழுதுங்கள், அப்பா. இல்லையென்றால் அந்தப் புத்தகத்தில் என் படங்களும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

உங்கள்
சின்னவள்

ஜனவரி 22

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்கு மறுமொழி எழுத முனைந்து நான்கு தாள்களைக் கிழித்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

எட்டாவது பாடத்தை எழுதி முடித்து இணைத்துள்ளேன். மகரந்தச் சேர்க்கை மிகச் செவ்வையாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். தேனீயின் காலைச் சற்றுப் பெரிதாக வரைந்து தருவாயா?

அன்புடன்,
அப்பா

ஜனவரி 29

அப்பா,

ஒன்பது பக்கப் பாடத்தில் எட்டரைப் பக்கம் பூ. மனிதருக்கு ஆறு வரி. அதிலும் கடைசி வரி, 'மேலும் அறிய விரும்புவோர் பெரியோரைக் கேட்டுத் தெளிக.' அந்தப் பெரியோர் யார் அப்பா?

நாள்தோறும் காலையில் நீங்கள் ஓதும் பாடல்களில் கருவில் உயிர் தங்கியதெல்லாம் மாதக் கணக்கோடு வருகிறது. தெருவுக்கே கேட்கும்படி பாடுகிறீர்கள். கடவுளிடம் கூசாமல் சொல்வதைப் பிள்ளைகளிடம் சொல்ல ஏன் கூச்சம்?

என் படங்களைத் திருப்பிக் கேட்டுப் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அதற்குள் பாடம் மாறவில்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை தபாலில் சேர்ப்பேன்.

சின்னவள்

பிப்ரவரி 7

என் மகளுக்கு,

நீ குறித்த வெள்ளி நேற்றோடு போயிற்று. அந்தக் கடிதம் தபாலில் சேர்ந்துவிட்டதா என்று அறியேன்.

உண்மையைச் சொல்கிறேன். நீ என் வகுப்புக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் அந்தப் பாடத்தைத் தடையின்றி நடத்தியவன் நான். அவ்வாண்டு புத்தகத்தைத் திறந்தேன். மூன்றாம் வரிசையில் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நா எழவில்லை. ஒருமுறை விட்டது அடுத்த ஆண்டும் விடுவதற்கு வசதியாயிற்று. பின்பு பதினெட்டு ஆண்டுகள், வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டில் படிக்கச் சொல்லி அனுப்பினேன். உன் ஒருத்தி முன் பட்ட கூச்சத்துக்கு அவர்கள் என்ன பிழை செய்தார்கள்?

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று, முந்தியதையும் சேர்த்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நாலு நாளா அவ சரியா சாப்பிடலைன்னு அப்பவே சொன்னேனே. பரீட்சை பயம்னு நீங்கதான் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்" என்றாள்.

அன்று முதல் அடுக்களையில் அவள் எதிரே அமர்ந்து பாடத்தை எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டு வாசிப்பேன். "இது யாருக்குப் புரியும்? நேராச் சொல்லுங்க" என்று பதினோரு இடங்களில் நிறுத்தினாள். அவள் சொன்னபடியே மாற்றினேன். பதினான்கு பக்கங்களும் இத்துடன் உள்ளன. பூவுக்குத் தனிப் பாடம் ஒதுக்கிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். அந்த நான்கு நாள்களுக்கு அச்சொல் போதாது.

நம் பழைய பள்ளியின் தலைமையாசிரியையைக் கண்டு பேசினேன். திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையை எனக்குத் தந்திருக்கிறார். இந்தப் பதினான்கு பக்கங்களையும் வகுப்பில் நின்று வாசித்து, பிள்ளைகள் கேட்கும் எதற்கும் விடை சொல்லப்போகிறேன். நீ கடிதத்தை அனுப்பியிருந்தாலும் போவேன்.

அப்பா